ஒண்ணாம் நம்பர் பணியாளர்

ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா 'உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும், இங்கே அழுத்தவும்'னு வந்திருக்குது பாருங்க, அதை மட்டும் தொட்டுறாதீங்க. மூடி வெச்சிருங்க. ம், அவ்வளவுதான். பத்தொம்பது வருசம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சு போச்சுங்க.

வேலையா? இப்ப வேலை இல்லீங்க. மூணு வாரத்துக்கு முன்னால வரைக்கும் இருந்துச்சு. என்னை வேலைய விட்டு அனுப்புனது ஆருன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. செத்துப் போயி ஆறு வருசமான ஒரு மனுசன். சிரிக்கறீங்க பாத்தீங்களா. சிரிங்க, சிரிங்க. இந்தக் கண்டக்டரு ஆளு ஏத்தற அழகுக்கு ஈரோடு போயிச் சேர எப்படியும் பொழுதாயிரும். முழுசாக் கேட்டுப்போட்டு சிரிங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. அரசூருக்கு அக்கட்ட ராக்கியண்ணா வார்ப்படம்னு ஒரு பவுண்டரி. பம்ப்புக்கு மேல்கூடு வார்க்கற கம்பெனி. இருநூத்தி அறுபது பேரு. அங்க கம்ப்யூட்டரு, மெயிலு, கதவுல தேய்க்கற கார்டு, எல்லாத்துக்கும் நான்தான். ஐ.டி. டிபார்ட்மென்ட்டுன்னா நான் ஒருத்தன். மீட்டிங் போடோணும்னா எனக்கும் எனக்கும்தான் போடோணும்.

ஆடி மாசம் வெளிநாட்டுக் கஸ்டமரு ஒருத்தரு தணிக்கைக்கு ஆளு அனுப்புனாருங்க. அந்தாளு எங்க ஆபீசைச் சுத்திப் பாத்தாரு. பர்ச்சேஸ் மேசைல தினசரிக் காலண்டர் அட்டைல பாஸ்வேர்டு எழுதியிருக்குது, மேல பிள்ளையார் சுழி வேற. டெஸ்பாட்ச்ல பதினோரு பேருக்கு ஒரே லாகின். எம்.டி.யோட ஓ.டி.பி. டிரைவர் போனுக்கு வருது. ஏன்னு கேட்டாரு. எம்.டி.க்குக் கண்ணாடி இல்லாமச் சின்ன எழுத்து படிக்க வராது, கண்ணாடி எப்பவும் கார்லயே கெடக்கும், அதனால டிரைவரு படிச்சுச் சொல்லுவாரு. இதை நான் இங்கிலீசுல எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

அந்தாளு ஊருக்குப் போயி ஒரே வரி எழுதுனாருங்க. மெயில் பாதுகாப்பையும் அடையாள மேடையையும் ஆறு வாரத்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு இணைங்க, இல்லாட்டி புது ஆர்டர் கெடையாது.

அதென்னன்னா... நீங்க என்ன வேலை பாக்கறீங்க? மருந்துக்கடையா? அப்பப் புரியற மாதிரி சொல்றேன். மெயில் பாதுகாப்புங்கறது வாசல்ல நிக்கற காவல்காரன். வர்ற மெயிலைப் பிரிச்சுப் பாத்து, விசமம் இருந்தா நிறுத்தி வெப்பான். அடையாள மேடைங்கறது சாவிக்கொத்து. ஆரு எந்தக் கதவுல போலாம், எந்தக் கணக்கைத் தொறக்கலாம், எல்லாம் அதுகிட்ட. இத்தனை நாளும் இந்த ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, பங்காளி வீடு மாதிரி. பேச வெச்சுட்டா என்ன ஆவும்? நீங்க ஒரு கள்ள லிங்கைத் தொட்டீங்கன்னா காவல்காரன் சாவிக்கொத்துக்குச் சொல்லுவான். அடுத்த நொடி உங்க மெயிலு, உங்க கதவு, உங்க கேண்டீன் டோக்கன், எல்லாமே பூட்டிக்கும். அப்பறம் உங்க மேலதிகாரி போனுக்கு ஒரு கேள்வி போவும். கீழ ரெண்டு பட்டன். ஒப்புதல், நிராகரி. அவரு ஒப்புதல்னு அழுத்துனாத்தான் உங்களுக்கு விடியும்.

நல்ல ஏற்பாடுங்க. இன்னிக்கும் சொல்றேன், நல்ல ஏற்பாடு.

இதுல வந்து சேந்துச்சு பாருங்க கெரகம். சாவிக்கொத்துக்கு ஆளுங்க பட்டியல் வேணும். அது ஹெச்.ஆர். ரிஜிஸ்டர்ல இருந்துதான் எடுக்கும். ரிஜிஸ்டர்ல இல்லாத ஆளுக்கு மெயில் இருந்தா மூடிரும். ஹெச்.ஆர்.ல மரகதம்னு ஒரு அம்மிணி. அது பட்டியலைப் பாத்துட்டு, "சார், ஒரே ஒரு மெயிலுக்கு மட்டும் ஆளு இல்லீங்க சார்"னுச்சு. யாருதுன்னு பாத்தா பெரியவரோடது.

பெரியவருன்னா கம்பெனியை ஆரம்பிச்ச ராக்கியண்ணன் ஐயா. ஆறு வருசம் முன்னால போயிச் சேந்துட்டாரு. அவரு போயிட்டாரே தவிர மெயில் போகல. எங்க கம்பெனில ஒரு வழக்கமுங்க. புதுக் கஸ்டமருக்கு மொத விலைப்பட்டியலோ மொத டிராயிங்கோ அனுப்பறதுன்னா, மொதல்ல பெரியவரு மெயிலுக்கு அனுப்போணும். அஞ்சு நிமிசம் பொறுத்துத்தான் கஸ்டமருக்கு. மொத வார்ப்பை அவரு போட்டோ முன்னால வெச்சுக் கும்பிட்டுட்டு எடுப்போம், அது மாதிரி. நாலாயிரத்துச் சொச்சம் மெயிலு, ஒண்ணு கூடப் படிக்காமக் கெடக்குது. இருந்தப்பவே படிக்க மாட்டாரு, அது வேற கதை.

நான் எம்.டி. ரூமுக்குப் போனனுங்க. எம்.டி. அவரு மகன், சென்னியப்பன். அம்பத்தஞ்சு வயசு. "சார், பெரியவரு மெயிலை மூடிரலாமுங்க"ன்னேன். மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

"ஏப்பா சிகாமணி, எங்கப்பாவ மூடறதா?"

"இல்லீங்க சார், மெயிலை."

"ரெண்டும் ஒண்ணுதான். வேற வழி பாரு."

வேற வழி என்ன இருக்குது? செத்தவரை வேலைக்குச் சேத்துக்கோணும், அதான் வழி. சேத்தோமுங்க. பணியாளர் எண் ஒண்ணு. ராக்கியண்ணன். துறை நிர்வாகம். மரகதம் சாமியக் கும்பிட்டுட்டுத்தான் டைப் அடிச்சுச்சு, பாவம். அடுத்த திங்கக்கெழமையே வருகைப் பதிவு சாப்ட்வேரு பெரியவருக்கு ஒரு நோட்டீசு அனுப்பிச்சு: தாங்கள் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு நாட்களாகத் தகவலின்றி வரவில்லை, விளக்கம் தருக. நகல் எம்.டி.க்கு. நான் போயி அந்த நோட்டீசை நிறுத்தறதுக்குள்ள அவரு ரெண்டு தடவை படிச்சுட்டாரு. "விளக்கம் கேக்குதா?"ன்னாரு. "கேக்குதுங்க"ன்னேன். வேறென்ன சொல்றது?

இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி. ஒண்ணு, போன் நம்பரு. பெரியவரோட பழைய நம்பரு இப்பத் தாராவரத்துல ஒரு கோழிப்பண்ணைக்காரரு கிட்ட இருக்குது. அவருக்கு எதுக்கு இந்தப் பாவமெல்லாம்? அதனால அப்போதைக்கு என்ற ரெண்டாவது சிம் நம்பரைப் போட்டு வெச்சேன். அப்போதைக்குத்தானுங்க. இன்னொண்ணு, எம்.டி.க்கு மேலதிகாரி ஆருன்னு ஒரு கட்டம். அது காலியா இருந்தா சாவிக்கொத்து ஒத்துக்க மாட்டேங்குது. நான் என்ற பேரைப் போட்டுக்கலாமான்னு கேட்டேன். எம்.டி. என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "எனக்கு மேல அப்பாதான்"னாரு. சரின்னு போட்டுட்டேன்.

ஒரு தமாசு கேளுங்க. இணைச்ச மறுநா நானே கள்ள மெயில் ஒண்ணு தயார் பண்ணி எல்லாருக்கும் அனுப்பிச்சேன், பரீட்சை மாதிரி. 'இலவச தீபாவளி இனிப்பு, பேரைப் பதியவும்.' கம்பெனியே விழுந்துச்சு. பிரஷர் டெஸ்ட் பண்றவரு மூணு தடவை பதிஞ்சிருந்தாரு, வீட்ல மூணு குழந்தைங்களாம். நூத்துக்கு நூறு வாங்குனது ஒரே ஒருத்தரு. பெரியவரு. காவல்காரன் தானாவே பாராட்டுச் சான்றிதழ் அனுப்பிச்சான். அதை எம்.டி. பிரேம் போட்டு, போட்டோவுக்குக் கீழ மாட்டிட்டாரு. பூ வேற.

மொத வாரத்துல நாப்பத்தோரு பேரைப் பூட்டுனனுங்க. நான் பூட்டல, இணைப்பு பூட்டுச்சு. ஆனா ஒரு ரூல் மட்டும் நான் சேத்தேன். மேலதிகாரி தொறந்து விட்டாலும், என்ற கேபினுக்கு வந்து 'இனிமேல் தொட மாட்டேன்'னு கைப்பட எழுதிக் குடுக்கோணும். இல்லாட்டி நாளைக்கு மறுபடி தொடுவாங்க. வரிசைல நின்னு எழுதுனாங்க. அக்கவுண்ட்ஸ் மேனேஜரு எழுதுனாரு. யூனியன் செயலாளரு எழுதுனாரு. ஒருத்தங்க எழுத மாட்டேன்னுட்டாங்க.

அமுதவல்லி. குவாலிட்டி ஹெட். இருபது வருசம் முன்னால வார்ப்பு மண்ணு சோதிக்கற லேப்ல சேந்தவங்க. அவங்களைப் பூட்டிருச்சுன்னு வந்து நின்னாங்க. பேப்பரை நீட்டுனேன். "நான் எதுக்கு சார் எழுதோணும்? நான் தொறந்தது கஸ்டமரு அனுப்புன டிராயிங். உங்க காவல்காரனுக்குத்தான் அடையாளம் தெரியல"ன்னாங்க. அத்தனை பேரு வரிசைல நிக்கறப்ப. நான் பாத்தேன். டிராயிங்தான். சரியான டிராயிங்தான். எத்தனையோ மெயில்ல ஒண்ணு அப்படி ஆவும், அது சகஜமுங்க. "சரி, போங்க"ன்னேன். அவங்க போனதும் வரிசைல மிச்சம் நின்னவங்களும் எழுதாமப் போயிட்டாங்க. அதோட அந்த ரூல் செத்துச்சு. பரவாயில்ல, நான் அதை மனசுல வெச்சுக்கல.

இல்லீங்க, நெசமாவே வெச்சுக்கல.

அப்பறம் ஒரு நா காலைல பத்து மணி. எம்.டி. தொட்டுட்டாரு. 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது.' என்ன பார்சல், ஏது பார்சல்னு கேக்கற வழக்கமெல்லாம் அவருக்குக் கெடையாது. காரிடார்ல நடந்துக்கிட்டே தொட்டாரு, ரெண்டு கதவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. என்ற சட்டைப் பாக்கெட்ல ரெண்டாவது போன் முணுமுணுங்குது. எடுத்துப் பாத்தா, 'திரு. சென்னியப்பன் அனுமதி கோருகிறார். ஒப்புதல்? நிராகரி?'

நான் நிராகரின்னு அழுத்துனேன். சும்மா, ஒரு அரை மணி நேரம். எல்லாரையும் பூட்டறப்ப மொதலாளிக்கு மட்டும் ஒடனே தொறந்தா நியாயமாங்க? பாடம் படிக்கட்டுமேன்னு. ஆனா அவரு போன்ல என்ன வரும்னு நான் யோசிக்கல. 'ராக்கியண்ணன் உங்கள் கோரிக்கையை நிராகரித்தார்.' கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தனுங்க. மனுசன் போனைத் தூரமாப் புடிச்சுப் படிக்கறாரு. கிட்ட வெச்சுப் படிக்கறாரு. அப்படியே தரைல உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு கோரிக்கை வந்துச்சு. காரணம்ங்கற கட்டத்துல எழுதியிருந்தாரு: 'தெரியாமப் பண்ணிட்டனுங்கப்பா.' நான் ஒப்புதல் குடுத்துட்டேன். கதவு தொறந்துச்சு. அவரு கண்ணைத் தொடச்சுக்கிட்டே போனாரு.

அன்னிக்கே சொல்லியிருக்கோணும்ங்கறீங்க. சொல்லலாம்னுதாங்க இருந்தேன். வேலை நெருக்கடி.

அதுக்கப்பறம் அவரு நெதமும் கேக்க ஆரம்பிச்சாரு. சாவிக்கொத்துல மனசுல இருக்கறதைக் கேக்கறதுக்குன்னு எடம் இல்லீங்களே. கதவுக்கு அனுமதி கேக்கலாம், அவ்வளவுதான். அதனால கேண்டீன் கதவுக்கு அனுமதி கேக்கற மாதிரி கேட்டுட்டு, காரணம்ங்கற கட்டத்துல எழுதுவாரு. 'அப்பா, பொண்ணு மேல்படிப்புக்கு டெல்லி போறேங்கறா, அனுப்பட்டுமா?' நல்ல புள்ள அது, ஒப்புதல் குடுத்தேன். 'அப்பா, புது ஃபர்னஸ் போடட்டுமா?' பழசு அன்னாடம் மக்கர் பண்ணுது, ஒப்புதல். 'சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டு வெந்தயம் சாப்படட்டுமா?' நிராகரி. மறுபடி கேட்டாரு, மறுபடி நிராகரி. இன்னிக்கு அவரு ஒடம்பு நல்லா இருக்குதுன்னா அதுக்கு ஆரு காரணம்? இதை ஆரும் பேச மாட்டாங்க.

பொய்யா? என்ன பொய்யிங்க? நான் ஒரு வார்த்தை எழுதுனனா? பெரியவரு பேசற மாதிரி ஒரு வரி பேசுனனா? ரெண்டே பட்டன். அவரா கேட்டாரு, அவரா எடுத்துக்கிட்டாரு. சொல்லப் போனா அந்த மாசத்துல கம்பெனி ஒழுங்கா நடந்துச்சு. மனுசன் சிரிச்ச மொகமா இருந்தாரு. ஆறு வருசமா அப்படி நான் பாத்ததில்ல. நானும் நல்லாத்தான் இருந்தேன், சொல்றதுக்கென்ன. காலைல சாமி கும்பிட்டுட்டு மொதல் வேலையா அந்த ரெண்டாவது போனைத்தான் எடுப்பேன்.

அவினாசி வந்துருச்சா? டீ வேண்டாமுங்க, உக்காருங்க. இனிமேத்தான் விசயமே இருக்குது.

புரட்டாசி பொறந்து ஒரு வாரம். ஒர்க்ஸ் மேனேஜரு ரிட்டயர் ஆவறாரு. அந்த எடத்துக்கு ஆரு? ஒர்க்ஸ் மேனேஜருன்னா எல்லாக் கதவுக்கும் சாவி. அந்த மாதிரிப் பெரிய சாவிக்கு ரெண்டு பேரு ஒப்புதல் வேணும்னு நான்தான் வெச்சிருந்தேன். எம்.டி. ஒண்ணு, எம்.டி.க்கு மேல ஒண்ணு. பதினொரு மணிக்குப் போன் முணுமுணுத்துச்சு. 'அமுதவல்லி, ஒர்க்ஸ் மேனேஜர். காரணம்: அப்பா, இவங்களை லேப்ல சேத்ததே நீங்கதான். போடட்டுமா?'

நான் நிராகரின்னு அழுத்துனேன்.

எதுக்குன்னு கேக்கறீங்க. முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. ஒரு சின்னக் கடுதாசி எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொன்ன ஆளுக்கு அத்தனை சாவியும் குடுத்தா நாளைக்கு ஆரு பொறுப்பு? பாதுகாப்புக் கண்ணோட்டத்துல பாருங்க. மறுநா எம்.டி. திரும்பக் கேட்டாரு. 'அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உப்புமண் கோளாறுல மூணு மாசம் வார்ப்பெல்லாம் ஓட்டையா வந்தப்ப இவங்கதான கண்டுபுடிச்சாங்க.' நிராகரி. அதுக்கு மறுநா, 'அப்பா?' அவ்வளவுதான் எழுதியிருந்தாரு. அதுக்கும் நிராகரி. ஒரு தடவை சொன்னதை மாத்தக் கூடாதுங்க, மாத்துனா மதிப்பு இருக்காது.

கேண்டீன்ல பேசிக்கிட்டாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு மோல்டிங் ஷாப்ல ஒருத்தரு சத்தமாவே சொன்னாரு. என்னைப் பாத்துச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவருக்கு என்ன தெரியும்னு நான் பாட்டுக்கு இட்லியத் தின்னேன். அமுதவல்லி எம்.டி. ரூமுக்குள்ள போயி பத்து நிமிசம் இருந்துட்டு வந்தாங்க. வரும்போது என் கேபினைத் தாண்டித்தான் போனாங்க. திரும்பிப் பாக்கல.

மறுநா வெள்ளிக்கெழமை. நான் சர்வர் ரூம்ல இருந்தேன். ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் தொடச்சுக்கிட்டு இருந்தேன். பாக்கெட்ல போன். எடுத்துப் பாத்தா என்ற பேரு. 'தெய்வசிகாமணி. பெரிய சாவிக் கணக்கு. நிரந்தரமாக மூட.' ஒரு ஒப்புதல் ஏற்கெனவே விழுந்திருக்குது, எம்.டி.யோடது. இன்னொண்ணு பாக்கி. காரணம்ங்கற கட்டத்துல ரொம்ப நீளமா எழுதியிருந்தாரு. கண்ணாடி கூடப் போடாம அவரே அடிச்சிருக்கோணும், அத்தனை எழுத்துப் பிழை. எனக்கு மனப்பாடமுங்க.

'அப்பா, இது நீங்க இல்லைன்னு மொத நாளே தெரியும். நீங்க இருந்தப்ப நான் கேட்டு ஒண்ணுக்காவது ஒடனே சரின்னிருக்கீங்களா? இவன் ரெண்டு நிமிசத்துல சரிங்கறான். அப்பான்னு எழுதறதுக்கு ஒரு கட்டம் கெடச்சுதேன்னு நானும் விட்டுட்டேன். என் தப்புதான். ஆனா அமுதவல்லி விசயத்துல உங்க பேர்ல மூணு தடவை வேண்டாம்னு வந்துச்சு. அது எனக்குப் பொறுக்கலீங்கப்பா. சிகாமணியை அனுப்பிரட்டுமா? நீங்களே சொல்லுங்க.'

நீங்களே சொல்லுங்கன்னு என்கிட்டயே கேக்கறாரு மனுசன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நிராகரின்னு அழுத்தியிருக்கலாம். அழுத்தியிருந்தா வேலை தப்பிச்சிருக்குமோ என்னமோ, ரெண்டு ஒப்புதல் இல்லாம என் கணக்கை மூட முடியாது, நான் போட்ட பூட்டு அது. வெரலு அந்தப் பக்கம் போச்சுங்க, பொய் சொல்லல. என்ற பொண்ணு பன்னெண்டாவது படிக்குது, வீட்டுக்காரிக்கு என்ன சொல்றதுன்னு ஓடுச்சு. ஆனா அந்த 'அப்பா'ங்கற எழுத்தைப் பாக்கறேன். அத்தனை நாளும் நெதம் பாத்த எழுத்துத்தான். அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. அவரு என்கிட்ட எழுதல. என்கிட்ட ஒரு நாளும் எழுதல. வெக்கமா இருந்துச்சுங்க.

ஒப்புதல்னு அழுத்திட்டேன்.

நாலு செகண்டு. எண்ணிப் பாத்தேன். நாலே செகண்டுல என் கம்ப்யூட்டரு அணைஞ்சுச்சு, மெயில் போச்சு, கார்டு செத்துச்சு, கேண்டீன் டோக்கன் வரைக்கும் போச்சு. ஒரு பிசகு இல்ல. காவல்காரன், சாவிக்கொத்து, ரெண்டும் அப்படி ஒத்துமையா வேலை செஞ்சுதுங்க. வெளிய ஒரு லட்ச ரூவா சம்பளம் வாங்கறவங்க பண்ணுனாக் கூட அரை மணி நேரம் ஆவும். வேணும்னா அந்தத் தணிக்கைக்காரரையே கேட்டுப் பாருங்க.

என்ன, சர்வர் ரூம் கதவும் பூட்டிக்கிச்சு. நான் உள்ள.

தட்டுனேன். ரொம்ப நேரம் தட்டுனேன். எம்.டி. ரூமுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லோணும்னு இருந்துச்சு, ஆனா கதவே தொறக்காதே. கடைசில தொறந்தாங்க. ஆருன்னு நெனைக்கறீங்க? அமுதவல்லி. சத்தம் கேட்டு லேப்ல இருந்து வந்திருக்காங்க, கையெல்லாம் மண்ணு. ஹெட்டுங்க கார்டுக்கு அந்தக் கதவு தொறக்கும். என்னைப் பாத்தாங்க, என் கைல இருந்த செத்த கார்டைப் பாத்தாங்க. "பையை எடுத்துக்கங்க சார், நான் கதவைப் புடிச்சுக்கறேன்"னாங்க. கேட்டு வரைக்கும் அஞ்சு கதவு. அஞ்சும் நான் போட்டது. ஒவ்வொண்ணுலயும் அவங்க கார்டைத் தேய்ச்சு, நான் தாண்டற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அஞ்சாவது கதவைத் தாண்டுனதும் கேட்டாங்க, சத்தமில்லாமத்தான் கேட்டாங்க.

"எனக்கு எதுக்கு சார் வேண்டாம்னீங்க? ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

எனக்கு வாய்ல என்ன வந்துச்சு தெரியுங்களா? "அது பெரியவரு முடிவுங்க"ன்னு வந்துச்சு. பாதி சொல்லியும் போட்டேன். அவங்க கதவை விட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

இப்ப அவங்கதான் ஒர்க்ஸ் மேனேஜரு. பேப்பர்ல எழுதி, நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்களாம். மரகதம் சொல்லுச்சு. பெரியவரைப் பணியாளர் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சாம், எம்.டி.யே எடுக்கச் சொல்லிட்டாராம்.

நான் சும்மா இருக்கலீங்க. அவங்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதியிருக்கேன். நல்ல மெயிலு. டிராயிங் விசயத்துல இருந்து எல்லாத்தையும் எழுதியிருக்கேன். அன்னிக்கு அத்தனை பேரு முன்னால நீங்க சொன்னது சரி, அதான் எனக்குப் பொறுக்கல, வேற ஒரு எழவும் இல்லைன்னு எழுதியிருக்கேன். நாலு தடவை அனுப்பிச்சாச்சு. போகலீங்க. கம்பெனில இருந்து போன ஆளு பேர்ல வெளிய இருந்து மெயில் வந்தா உள்ள விடாதேன்னு ஒரு ரூல் இருக்குது. ஆரு போட்டது? நான்தான். காவல்காரன் நாலையும் புடிச்சு வெச்சிருக்கான். சந்தேகத்துக்குரியவைன்னு. அதைப் பாத்து எடுத்து விடறது ஐ.டி. ஆளு வேலை. இப்ப ஐ.டி. ஆளு இல்ல. புது ஆளு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன். வந்தா அஞ்சாவது தடவை அனுப்போணும்.

என்னுங்க?

நேர்லயா?

இல்ல, அவங்க வீடு தெரியும். கணபதில, பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல. போன் நம்பரும் இருக்குது. அதெல்லாம் இருக்குதுங்க தம்பி. ஆனா நேர்ல போயி... நேர்ல போயி நின்னு எப்படிங்க... மெயில்னா நிதானமா, முறையா...

என்ன ஸ்டாப்பு இது? விசயமங்கலமா? கண்டக்டரே, சித்த நிறுத்துங்க. ஆமாங்க, டிக்கெட்டு பெருந்துறைக்குத்தான் எடுத்தேன். அங்க ஒரு கம்பெனில ஆளு எடுக்கறாங்க, மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பரவாயில்லீங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன். பெருந்துறைக்கு அடுத்த பஸ்ல போய்க்கறேன். வழி விடுங்க தம்பி.